பயிற்சி முடிஞ்சும் புரியலைன்னா

வணக்கம்ங்க. டெக்சஸில் உங்க ஊர் வேலைவாய்ப்பு வாரியத்துக்குப் புதுசா வந்திருக்கீங்க, குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பத்தி அரை நாள் பயிற்சி தந்தும் எதுக்கு ஓட்டுப் போடுறோம்னே தெரியலைன்னு கேட்டிருந்தீங்க. நானும் அங்கதான் திணறினேன்.

முதல்ல எது உங்க கையில் இல்லைன்னு பிரிச்சுக்கங்க. குடும்ப வருமானம் மாநில இடைநிலை வருமானத்தில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுங்கிற உச்சவரம்பு, ஒருமுறை தகுதி கிடைச்சா உதவி 12 மாதம் தொடரும்கிறது, இதெல்லாம் மேலிருந்து வர்ற விதி. டெக்சஸில் இருக்கிற 28 வாரியங்களுக்கும் பொது. உள்ளூர் முன்னுரிமை, தர மேம்பாட்டுப் பணம், ஒப்பந்ததாரரைக் கண்காணிப்பது, இவைதான் உங்க வேலை. சேவையை வாரியமே நேரடியா நடத்தாது, ஒப்பந்ததாரர்தான் நடத்துவார்.

அடுத்து, ஒரு நாள் ஒப்பந்ததாரர் அலுவலகத்துல போய் உட்காருங்க. நான் போனப்ப ஒரு அம்மா நாலா மடிச்ச சம்பளச் சீட்டுகளைப் பிரிச்சு வெச்சாங்க. வாரத்துக்கு வாரம் வேலை நேரம் வேற. காத்திருப்போர் பட்டியல்ல வெறும் எண்ணா இருந்தது அன்னிக்குத்தான் எனக்கு முகமாச்சு.

அப்படியே ஒரு காப்பகத்தின் கைக்குழந்தை அறையையும் பாருங்க. உரிமம் பெற்ற மையத்துல ஒரு வயசுக்குள்ள நாலு குழந்தைக்கு ஒருத்தர் வேணும். செலவு ஏன் அங்க எகிறுதுன்னு எந்த ஸ்லைடும் இவ்வளவு தெளிவாச் சொல்லாது. காப்பகங்களின் தரத்துக்கு மாநிலம் நட்சத்திரம் தர்ற டெக்சஸ் ரைசிங் ஸ்டார் திட்டத்துல அவங்க எத்தனை நட்சத்திரம், அடுத்ததுக்கு எது தடைன்னு கேளுங்க.

உங்க வாரியத்திலேயே குழந்தைப் பராமரிப்பு அல்லது மழலைக் கல்வி அறிந்த உறுப்பினர் ஒருத்தராவது இருக்கணும்கிறது மாநிலச் சட்டம். அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி அவரோட ஒரு காபி குடிங்க.