பறவூர் யூதப் பள்ளியின் முதலியார் யார்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழி வகுப்புகளுக்கு ஆசிரியையாக இருக்கிறேன். கடந்த விடுமுறையில் மாணவிகளை வட பறவூருக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அங்குள்ள யூதப் பள்ளியை, அதாவது யூதர்களின் தொழுகை இடத்தைக் கட்டியவர் தாவீது யாக்கோபு காஸ்டீல் முதலியார் என்று கேட்டதும், "டீச்சர், முதலியார்னா நம்ம ஆளா?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் தமிழரா? அந்த யூதர்கள் எங்கே போனார்கள்?

பதில்: உங்கள் மாணவி கேட்டது மிகச் சரியான கேள்வி. காஸ்டீல் தமிழர் அல்லர். ஸ்பெயினின் காஸ்டீல் நாட்டை நினைவூட்டும் குடும்பப் பெயர் அது. முதலியார் என்பதோ, கொச்சி அரசர் யூதர்களின் தலைவருக்கு அளித்த பட்டம். தம் மக்களுக்குள் எழும் வழக்குகளைத் தீர்த்து வைப்பதும், அவர்களுக்காக அரசரிடம் பேசுவதும் அந்தப் பதவிக்குரியவரின் பொறுப்பு. தமிழ்நாட்டிலும் முதலி என்ற சொல் கல்வெட்டுகளில் படைத்தலைவரையும் அதிகாரிகளையும் குறித்து வருகிறது. அது சாதிப் பெயராக நிலைபெற்றது பிற்பாடுதான். ஆகவே, ஆள் நம்மவர் அல்லர், சொல் நம்முடையது என்று அவளிடம் சொல்லுங்கள். அந்தப் பள்ளியின் 1616-ஆம் ஆண்டுக்குரிய எபிரேயக் கல்வெட்டில் எபிரேய எழுத்திலேயே அந்தச் சொல் பொறிக்கப்பட்டிருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இந்நாட்டு அரசர்களுக்கும் யூதர்களுக்கும் இடையிலான இந்த உறவு காஸ்டீல் காலத்தில் தொடங்கியதும் அன்று. ஏறத்தாழ கி.பி. 1000-இல், முயிரிக்கோட்டில், அதாவது இன்றைய கொடுங்கல்லூரில் இருந்தபடி, சேர அரசர் பாஸ்கர ரவிவர்மர் யூத வணிகர் தலைவரான ஈசுப்பு இறப்பானுக்கு ஒரு செப்பேடு வழங்கினார். வட்டெழுத்தில், இடையிடையே கிரந்த எழுத்துகளோடு எழுதப்பட்ட அந்த ஏட்டை யாரேனும் உங்கள் வகுப்பில் உரக்கப் படித்தால், மாணவிகளுக்குப் பாதிக்கு மேல் புரிந்துவிடும். பகல் விளக்கு, பாவாடை, குடை, வடுகப் பறை, தோரணம் என்று வரிசையாகச் சொல்லி, எழுபத்திரண்டு உரிமைகளும் அஞ்சுவண்ணம் என்ற வணிகர் குழுவும் அவருக்கும் அவர் வழியினருக்கும் கொடுக்கப்பட்டதாக அது கூறுகிறது. பாவாடை என்பது இங்கே நடந்து செல்லும் வழியில் விரிக்கும் துணி. உடை என்று மாணவிகள் எண்ணிவிட வேண்டாம். பகலிலும் விளக்கேந்தி, நிலத்தில் துணி விரித்து, பறை முழங்க நடந்து செல்லும் உரிமை ஓர் அயல் சமயத்தவருக்குக் கிடைத்தது என்றால், மிளகு வாணிகம் நடந்த அந்தக் கரையில் அவர்கள் எத்தகைய மதிப்போடு வாழ்ந்தார்கள் என்பது விளங்கும்.

பறவூர்ச் சபையின் தன்மையை அறியக் கட்டடத்தையே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தெருவிலிருந்து நேரே தொழுகைக் கூடத்துக்குள் போய்விட முடியாது. முதலில் படிப்புரை எனப்படும் வாயில் கட்டடம், அதைக் கடந்தால் தூண்கள் தாங்கிய நீண்ட நடை, அதன் முடிவில்தான் கூடம். மலையாள நாட்டுக் கோயிலுக்கோ தறவாடு எனப்படும் பெரிய பரம்பரைக் குடும்ப வீட்டுக்கோ போகும் உணர்வு வருவது இயல்பு, ஏனெனில் கட்டிய தச்சர்கள் அறிந்த முறை அதுதான். கூடத்துக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றுவதும் இவர்களிடம் வழக்கமாக இருந்தது. மாடியில் பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னே, மறைநூல் வாசிக்க இரண்டாவது மேடை ஒன்று இருந்ததை மாணவிகள் கவனித்தார்களா? கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு மேடைகள் அமைவது கேரள யூதப் பள்ளிகளுக்கே உரிய தனித்தன்மை. விழா நாள்களில் வாசிப்பு மேலே, பெண்களுக்கு அருகிலேயே நடந்தது. அந்தப் பெண்கள் மலையாளத்தில் அமைந்த தங்கள் சமயப் பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்துப் பல தலைமுறைகளாகப் பாடி வந்தார்கள்.

யூதர்களுக்குள் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசிப் பள்ளியினர், அதாவது பிற்காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியினர், பறவூர், மாளை, சேந்தமங்கலம், எர்ணாகுளம் ஆகிய ஊர்களின் மலபார் யூதர்களோடு மணவுறவு கொள்ளவில்லை. பரதேசிப் பள்ளிக்குள்ளேயே சிலரைத் தரையில் அமர வைக்கும் வழக்கமும் இருந்தது. அதை எதிர்த்து ஆபிரகாம் பராக் சேலம் என்ற வழக்கறிஞர் காந்திய வழியில் சத்தியாகிரகம் செய்தார். இந்தப் பகுதியை மாணவிகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. மதிப்போடு வாழ்ந்த ஒரு மக்களிடமும் தீண்டாமையின் சாயல் புகுந்திருந்தது என்பதை அவர்கள் அறிவது நல்லது.

இனி, எங்கே போனார்கள் என்ற கேள்வி. யாரும் அவர்களைத் துரத்தவில்லை. 1948-இல் இஸ்ரேல் நாடு உருவானபோது, தலைமுறை தலைமுறையாகத் தொழுகையில் உச்சரித்து வந்த எருசலேமுக்குப் போகும் வழி திறந்தது என்று அவர்கள் நம்பினார்கள். வீடுகளையும் பொருள்களையும் விற்றுவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு; யானைக்கால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தால் அங்குள்ள அதிகாரிகள் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். 1950-களின் நடுவில் பெரும்பாலோர் ஊர் ஊராகப் புறப்பட்டுப் போயினர். மாளைச் சபையினர் 1955-இல் தங்கள் பள்ளியையும் கல்லறைத் தோட்டத்தையும் உள்ளூர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றார்கள். கேரள மழையில் வளர்ந்தவர்களில் பலர் நெகேவ் பாலை நிலத்திலுள்ள நெவாதிம் என்ற ஊரில் குடியேறி, உழவு செய்யப் பழகினார்கள்.

கேள்வி: கட்டடத்தை இவ்வளவு நன்றாகப் புதுப்பித்திருக்கிறார்களே, அங்கே ஏன் வழிபாடு நடப்பதில்லை? (சித்தூர் வாசகர்)

பதில்: யூதர்களின் பொதுத் தொழுகைக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேராவது கூட வேண்டும். ஊரே புறப்பட்டுப் போனபின் அந்தப் பத்துப் பேர் பறவூரில் இல்லை. கேரள அரசின் முசிறி மரபுத் திட்டத்தின் கீழ் சீரமைக்கப்பட்ட கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. யூத மறைநூலான தோராவின் சுருள்களை வைத்திருந்த பழைய மரப் பேழை எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டதால், பறவூரில் நாம் காண்பது அதன் நகல் மட்டுமே.

நேரமிருந்தால் பறவூரை அடுத்த சேந்தமங்கலத்துக்கும் போய் வாருங்கள். அங்குள்ள யூதப் பள்ளியின் முன்னால் ஒரு கல் நிற்கிறது: இஸ்ரவேலின் மகள் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல். ஆண்டு 1269.