மோட்டார் சுற்றுகிறது, தொலைநோக்கி நகரவில்லை

கேள்வி: என்னுடையது ஈகியூ5 வகை மோட்டார் மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கி, வானத்தோடு சேர்த்துத் திருப்பும் கருவி). ஓராண்டாக அலமாரியில் கிடந்தது. இப்போது மோட்டார் சத்தம் கேட்கிறது, ஆனால் வியாழன் பார்வையை விட்டு நழுவுகிறது. சில நேரம் விட்டுவிட்டு நகர்கிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: புது மோட்டார் வாங்க அவசரப்பட வேண்டாம். சத்தம் வந்தால் மோட்டார் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு அதற்கு அப்பால் இருக்கும்.

முதலில் கிளட்ச் (அச்சை மோட்டாரோடு இணைக்கும் பூட்டு) இறுகியிருக்கிறதா பாருங்கள். அடுத்தது நம் ஊருக்கே உரிய தொல்லை. பினாங்கின் அட்சரேகை சுமார் 5.4 டிகிரிதான். அதனால் வானத்தின் வட துருவத்தை நோக்க வேண்டிய மவுண்டின் துருவ அச்சு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். தொலைநோக்கியைச் சமன்செய்யும் எதிர் எடைக் கம்பி, முக்காலியின் வடக்குக் காலில் முட்டி நிற்கலாம். வடதிசை இரண்டு கால்களுக்கு நடுவில் வரும்படி முக்காலியைத் திருப்பி வையுங்கள். வியாழன் வடக்கு தெற்காக நழுவினால் அது மோட்டார் குற்றமே இல்லை, துருவ அச்சு சரியாக வடக்கு நோக்கவில்லை.

மின்சாரத்தையும் பாருங்கள். உங்கள் மவுண்ட் 12 வோல்ட்டில் ஓடுவது என்றால் 2 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். மோட்டார் வேகமாக ஓடும்போதே மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அடாப்டரோ வயரோ போதவில்லை.

இனி மூடியைக் கழற்றலாம். மோட்டார் தண்டிலுள்ள பல்சக்கரத்திலும் வார்ம் (அச்சின் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும் திருகு போன்ற தண்டு) முனையிலுள்ள சக்கரத்திலும் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்து ஓட்டுங்கள். தண்டு சுற்றியும் புள்ளி நகராவிட்டால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் தலையில்லாத் திருகு தளர்ந்திருக்கிறது. சிறிய அலன் கீயால் இறுக்கினால் போதும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள்.

புள்ளிகள் இரண்டும் சுற்றியும் அச்சு திக்கினால் பழைய கிரீஸைச் சந்தேகியுங்கள். நாளடைவில் எண்ணெய் பிரிந்துபோய், பிசின் போலக் கெட்டியான மிச்சம் பல்லில் ஒட்டிக்கொள்ளும். வார்மைக் கழற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, நன்றாகத் துடைத்துவிட்டு லித்தியம் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அடிக்கும் ஸ்பிரேயை இங்கே அடிக்காதீர்கள். இருக்கிற கிரீஸையும் அது கரைத்துவிடும்.

திரும்பப் பொருத்தும்போதுதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆட்டமே கூடாது என்று வார்மை இறுக அழுத்துவார்கள். ஆனால் வார்ம் சுற்றும் பெரிய சக்கரம் துல்லியமான வட்டம் இல்லை. ஓரிடத்தில் தளர்வாக இருப்பது இன்னோரிடத்தில் சிக்கும். தொலைநோக்கியை இறக்கிவிட்டு முழுச் சுற்றும் ஓட்டி, மோட்டார் முனகும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் வைத்தே சரிசெய்யுங்கள். வார்மை அழுத்தும் திருகை ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். எதிர் எடைக் கம்பியைப் பிடித்து ஆட்டினால் லேசான ‘டிக்’ கேட்க வேண்டும்.

பெரிய சக்கரத்துக்கு 144 பல். வார்ம் ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நிமிடம் எடுக்கும். திக்கல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் வார்மில் அழுக்கு; அடிக்கடி வந்தால் சிறிய சக்கரங்களில்.

பனியில் நனைந்த மவுண்டை உடனே பெட்டிக்குள் அடைக்காதீர்கள். இரவு முழுக்க வீட்டுக்குள் காயவிட்டு, மறுநாள் சிலிக்கா ஜெல்லோடு மூடுங்கள்.