சுவர் விழுமுன் அறியும் படிப்பு உண்டா? பேரணாம்பட்டுத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

அரசுப் பள்ளியில் பிளஸ் டூ உயிரியல்-கணிதப் பிரிவில் படிக்கும் உங்கள் மகள், நர்சிங்கும் வேண்டாம், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கும் வேண்டாம், ஆபத்து வருவதற்கு முன்பே அறிந்து தடுக்கிற ஏற்பாடுகளை உருவாக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அவளுடைய அப்பா, "அப்படி ஒரு படிப்பே கிடையாது, யாரோ குழப்பிவிட்டார்கள்" என்று கோபப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதில் பாதி சரிதான். அந்தப் பெயரில் பட்டப்படிப்பு கிடையாது. ஆனால் அந்த வேலை இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே அதற்கு நாற்பது ஆண்டு வரலாறும் இருக்கிறது.

அவளுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 2021 நவம்பர் 19 விடியற்காலையில், தொடர்மழையில் ஊறிய சுவர் உங்கள் ஊரில் ஒரு வீட்டின்மேல் இடிந்து விழுந்து 9 பேர் இறந்தபோது அவள் எட்டாம் வகுப்பு. அன்று கனமழை வரும் என்பது யாருக்கும் தெரியாத செய்தியல்ல. வானிலைத் துறை எச்சரித்திருந்தது. தெரியாமல் போனது, எந்தத் தெருவில் எந்தச் சுவர் விழும் என்பது. பாலாற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது நீர்வளத் துறைக்குத் தெரியும். எந்தக் கட்டடம் எத்தனை ஆண்டுப் பழையது என்பதற்கு நகராட்சியின் வரிப் பதிவேட்டில் ஓரளவு தடயம் இருக்கும். எந்த வீட்டில் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள் படுத்திருக்கிறார்கள் என்பது கிராம நிர்வாக அலுவலருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் தெரியும். இந்த நான்கையும் மழைக்கு முன்னால் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும். உங்கள் மகள் ஆசைப்படுவது அந்த மேசைக்கு.

அப்படி ஒரு மேசையை, சுவர்களுக்காக அல்ல, நோய்களுக்காக, நம் மாவட்டத்தில் முன்பே போட்டிருக்கிறார்கள். வடாற்காடு மாவட்டம் பிரிக்கப்படாமல் இருந்த 1980களில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வைரஸ் ஆய்வாளர் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் மாவட்டம் முழுமைக்குமான நோய்க் கண்காணிப்பு ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'நதி' என்று வரும். கணினி வலையமைப்பு எதுவும் இல்லாத காலம் அது. அச்சிட்ட அஞ்சலட்டைதான் கருவி. அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும், குறிப்பிட்ட சில நோய்களில் ஒன்றைக் கண்டால் அட்டையை நிரப்பித் தபாலில் போடுவார். வந்த அட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே வட்டாரத்தில் ஒரே நோய் கூடினால் உடனே ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். அத்தோடு, மாதந்தோறும் ஒரு செய்தி மடல் அச்சிட்டு அந்த மருத்துவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன். தகவல் கொடுத்தவருக்கு அதனால் என்ன ஆயிற்று என்று தெரிந்தால்தான் அவர் அடுத்த அட்டையை எழுதுவார். பதிலே வராத இடத்துக்கு எத்தனை மாதம் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார்? 1998இல் லான்செட் மருத்துவ இதழ் இந்த ஏற்பாட்டைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தை நடுவண் அரசு நாடு தழுவித் தொடங்கியது 2004இல்.

இனி, இந்தத் துறையின் கடினமான இடத்துக்கு வருகிறேன். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வட்டாரத்தில் 10,000 பழைய சுவர்கள் இருப்பதாகவும், இந்த மழைக்காலத்தில் அவற்றில் 10 விழப்போவதாகவும் வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாகச் சொல்லும் கருவி ஒன்று கையில் இருக்கிறது. விழப்போகும் பத்தில் ஒன்பதையோ பத்தையோ அது கண்டுபிடித்துவிடும். ஆனால் விழாமல் நிற்கப்போகும் 9,990 சுவர்களில் ஏறக்குறைய 500 சுவர்களையும் அது "விழும்" என்றே சொல்லும். ஆக, வீட்டைக் காலி செய்யுங்கள் என்று இரவோடு இரவாக எழுப்பப்படும் ஏறத்தாழ 510 குடும்பங்களில் 500 குடும்பங்களுக்கு ஒன்றுமே ஆகாது. பீடி சுற்றும் தட்டையும் ஆட்டையும் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் இரண்டு இரவு படுத்துத் திரும்பியவர்கள் அடுத்த முறை கூப்பிட்டால் வருவார்களா? அவர்கள் வரும்படியாக அந்த ஏற்பாட்டை எப்படி அமைப்பது, தங்கும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா, ஆட்டை எங்கே கட்டுவது, போன கூலிக்கு யார் பொறுப்பு என்பவையெல்லாம் இந்தப் படிப்புக்குள் வரும் கேள்விகள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கேள்விகளோடு நிரல் எழுதுபவர்கள் குறைவு.

ஒடிசாவை அவளுக்குச் சொல்லலாம். 1999 பெரும்புயலில் அங்கே ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயல் வந்தபோது கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால் இறப்பு ஐம்பதுக்கும் கீழே நின்றது. செயற்கைக்கோள் மட்டும் அதைச் செய்துவிடவில்லை. புயல் காப்பிடங்களும், ஊர்தோறும் கதவைத் தட்டப் பயிற்சி பெற்றிருந்த ஆட்களும் சேர்ந்து செய்தது அது.

எதிர்ப்பக்கத்தையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்யக்கூடியவர்களை முன்கூட்டியே இனம் காண வரித் துறை கணினிக் கணிப்பைப் பயன்படுத்தியது; ஆயிரக்கணக்கான பெற்றோர் தவறாக மோசடிக்காரர்களாக்கப்பட்டுக் கடனில் தள்ளப்பட்டார்கள்; 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசே பதவி விலகியது. தீங்கைத் தடுப்பதற்கென்று வைத்த கருவியே ஏழைகளுக்கும் குடியேறிகளுக்கும் தீங்காக முடிந்த கதை அது. சுவரைக் கணிப்பது வேறு, மனிதரைக் கணிப்பது வேறு என்ற நிதானம் பதினேழு வயதிலேயே மனத்தில் ஊன்ற வேண்டும்.

சரி, என்ன படிப்பது? முதலில் ஓர் எச்சரிக்கை. 'செயற்கை நுண்ணறிவு', 'பேரிடர்', 'அனலிட்டிக்ஸ்' என்ற மூன்று சொற்களையும் ஒட்டிப் பெயர் வைத்த புதிய பட்டப்படிப்புகளின் விளம்பரத் தாள்கள் இந்த மே மாதம் உங்கள் வீட்டு வாசலுக்கும் வரும். பெயரைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். இளநிலையில் ஒரே ஒரு துறையை அடியாழம் வரை படித்துவிட்டு, முதுநிலையில் எந்தத் தீங்கைத் தடுப்பது என்று தேர்ந்துகொள்வதே என் அனுபவத்தில் நிலைக்கிற வழி.

உங்கள் மகளின் மதிப்பெண்களையும் பிரிவையும் பார்க்கையில் என் முதல் பரிந்துரை பி.எஸ்சி. புள்ளியியல். சென்னையில் மாநிலக் கல்லூரி, கிறித்தவக் கல்லூரி, லயோலா ஆகிய மூன்றிலும் அது இருக்கிறது. கணக்கில் அவள் உண்மையிலேயே கெட்டி என்றால் கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வையும் எழுதிப் பார்க்கலாம். பட்டம் முடித்தபின் வேலூரிலேயே சி.எம்.சி.யில் எம்.எஸ்சி. உயிரிப் புள்ளியியல், அதாவது நோய், மருத்துவத் தகவல்களை ஆராயும் புள்ளியியல், இருக்கிறது. போட்டி கடுமை, ஆனால் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம் என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அரசு வேலை வேண்டும் என்கிற அவள் அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள்: யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கும், டி.என்.பி.எஸ்.சி. வழியாக நிரப்பப்படும் புள்ளியியல் சார்நிலைப் பணிகளுக்கும் இந்தப் பட்டம் நேரான வாசல்.

இரண்டாவது வழி பொறியியல். கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோ இன்பர்மேடிக்ஸ் இருக்கிறது. வெள்ளம் எந்தத் தெருவரை வரும் என்று வரைபடத்தில் காட்டும் வேலை இதிலிருந்துதான் தொடங்குகிறது. சிவிலும் நல்ல அடித்தளம். பிறகு மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பேரிடர் பற்றிய முதுநிலைப் படிப்பு உண்டு. பேரிடர் தணிப்புக்கென்றே வி.ஐ.டி.யில் ஒரு மையம் இருப்பதால், ஆய்வு என்ற கட்டம் வரும்போது தூரம் போகத் தேவையில்லை.

மூன்றாவதைப் பலர் மதிப்பதில்லை, நான் மதிக்கிறேன். அது தொழிலகப் பாதுகாப்பு. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்ததை அவள் அப்பா மறந்திருக்க மாட்டார். பெரிய தொழிற்சாலைகள் பாதுகாப்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்பது சட்டம். பட்டமும் சிறிது பணி அனுபவமும் பெற்றபின் சென்னையிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் இதற்கான மேல்நிலைப் பட்டயம் படிக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் இந்த வேலைக்கு ஆள் தேவைப்படாத காலம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சம்பளத்தைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். நோய்க் கண்காணிப்புத் திட்டம் போன்றவற்றில் மாவட்ட அளவில் இருக்கும் பணிகளில் பல ஒப்பந்தப் பணிகள். தொடக்கத்தில் மென்பொருள் நிறுவனச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். புள்ளியியல் பட்டத்தை நான் முன்னால் வைப்பதற்குக் காரணமே இதுதான். இந்தத் துறையில் சரியான இடம் அமையாவிட்டாலும் காப்பீடு, வங்கி, மருந்து ஆராய்ச்சி என்று வேறு கதவுகள் அதற்குத் திறந்திருக்கும்.

செலவைப் பற்றிய உங்கள் கவலைக்குச் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருப்பதால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் கோரலாம். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். கலை அறிவியல் கல்லூரியானாலும் பொறியியலானாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். உங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்று எழுதியிருப்பதால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும், வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து விடுங்கள். தேர்வு முடிவு வந்த வாரத்தில் அங்கே கூட்டம் தாங்காது. போன ஆண்டு ஒரு மாணவிக்குச் சான்றிதழ் வந்து சேருவதற்குள் பதிவுத் தேதி முடிந்துவிட்டது. சாதிச் சான்றிதழில் இருக்கும் பெயர் எழுத்தும் மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பெயர் எழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அவளையே சரிபார்க்கச் சொல்லுங்கள். மாறியிருந்தால் பொதுத் தேர்வுக்கு முன்பே தலைமையாசிரியரைப் பார்த்துத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும்.