வாத்தியாரைப் பார்த்து வந்த விசுவாசம்

அன்புள்ள ஐயா,

நான் பொறையார் பக்கத்துக் கிராமத்துக்காரன். எங்கள் சபை மூப்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சாயங்காலம் தன் வீட்டுத் திண்ணையில் காசு வாங்காமல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்துக்கள். போன மாதம் ஆலயத்தில், தான் விசுவாசத்துக்கு வந்த கதையைச் சாட்சியாகச் சொன்னபோது, "தரிசனம் ஒன்றும் நான் பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்பு வாத்தியாரைப் பார்த்துத்தான் இயேசுவை நம்பினேன்" என்றார். இதெல்லாம் ஒரு சாட்சியா என்று சிலர் முகம் சுளித்தார்கள். என் நண்பனோ, "படிப்பைத் தூண்டிலாகப் போட்டுப் பிடித்தார்கள் என்று அவரே ஒத்துக்கொண்டார், பார்த்தாயா?" என்கிறான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முகம் சுளித்தவர்களுக்குத் தங்கள் சபை பிறந்த கதையே மறந்துவிட்டது என்று நினைக்கிறேன். தரங்கம்பாடி உங்களுக்குப் பக்கம்தானே. 1706 ஜூலை 9 அன்று அங்கே கப்பலிலிருந்து இறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, உள்ளூர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் தன் வீட்டுக்கே வரவழைத்தார். வாத்தியார் சொல்லித்தர, பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். முதலில் மாணவர், அப்புறம்தான் போதகர். அடுத்த வருடமே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வந்துவிட்டது. வேதத்தை அவரவரே வாசிக்க வேண்டும் என்பது லுத்தரன் சபையின் அடிப்படை. ஆகவே பள்ளிக்கூடம் இல்லாமல் அவர்களால் சபை நடத்தவே முடியாது.

முதல் தமிழ் லுத்தரன் போதகரும் பள்ளிக்கூடத்து ஆள்தான். கடலூரில் வணிகக் குடும்பத்தில் பிறந்த ஆறுமுகம், 1718-இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், உபதேசியார் (குருப்பட்டம் இல்லாமல் போதிக்கும் சபை ஊழியர்) ஆனார், 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். வாத்தியார், உபதேசியார், ஐயர் (குருப்பட்டம் பெற்ற போதகர்) என்ற இந்த வரிசையில் போனவர்கள் அவருக்குப் பிறகும் எத்தனையோ பேர். அந்தக் காலத்தில் தஞ்சை ராஜ்யத்துக்குள் வெள்ளைக்காரப் போதகர்கள் நினைத்தபடி போய்வர முடியாது. உள்ளே ஊர் ஊராக நடந்தவர்கள் இந்தத் தமிழர்கள். வரலாறு எழுதும்போது மட்டும் ஜெர்மானியப் பெயர்களே முன்னால் வந்து நிற்கின்றன.

உங்கள் மூப்பரின் சாட்சியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் ஆரோன் இல்லை, ராஜநாயக்கன். தஞ்சை அரசரின் படையில் சேவகம் செய்தவர், பறையர் சமூகத்தவர், கத்தோலிக்கர். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய தரங்கம்பாடி அச்சுப் புத்தகம் ஒன்று ஒரு பண்டாரத்திடம் இருப்பதைப் பார்த்தார். அதை இரவல் வாங்கினார். திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று ஓலையில் நகலெடுக்க ஆரம்பித்தார். அச்சில் வந்த புத்தகத்தை மறுபடி ஓலைக்குக் கொண்டுபோன மனிதர்! அவருக்கும் தரிசனம் கிடையாது. வாசித்தார், அவ்வளவுதான். பிறகு தரங்கம்பாடி சபையில் சேர்ந்தார், வேலையை விட்டு உபதேசியார் ஆனார், 1771-இல் இறக்கும்வரை அந்த ஊழியத்திலேயே இருந்தார்.

ஆனால் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கவில்லை. தகுதியில் குறை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அவர் கையால் திருவிருந்து (நற்கருணை) கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு அந்தத் திருவிருந்தின் மேலேயே மதிப்புக் குறைந்துவிடும் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். எழுத்தறிவு எல்லோருக்கும் என்று வந்தவர்கள் இந்த இடத்தில் வந்து நின்றுவிட்டார்கள். உங்கள் நண்பர் குறை சொல்வதென்றால் தூண்டிலை விட்டுவிட்டு இதைச் சொல்லலாம். நானும் சேர்ந்துகொள்வேன்.

சரி, அந்தத் தூண்டில். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மிஷன் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாக வளர வேண்டும் என்ற ஆசையை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரி இல்லை. 1785 வாக்கில் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கையில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு 250 வராகன் (பொற்காசு) கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்தது. படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக்கள், அதிலும் பிராமணப் பிள்ளைகள் நிறைய. அவர்கள் படித்துவிட்டு உத்தியோகத்துக்குப் போனார்கள். கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. மீன் பிடிக்கத்தான் வந்தார் என்றால் சுவார்ட்ஸுக்கு இது நஷ்டக் கணக்கு. தஞ்சை இளவரசர் சரபோஜியையே பாதுகாத்து வளர்த்தவர் அவர். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். சுவார்ட்ஸ் 1798-இல் இறந்த பிறகும் அவர்மேல் வைத்திருந்த மரியாதை குறையவில்லை. தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் சரபோஜி லண்டனிலிருந்து செய்து வரவழைத்து வைத்த பளிங்குச் சிற்பம் இருக்கிறது. இதுவரை பார்க்காவிட்டால் ஒருமுறை போய்வாருங்கள்.

சுவார்ட்ஸ் கைபட்ட இன்னொரு பையன் வேதநாயக சாஸ்திரியார். திருநெல்வேலியில் பிறந்து, பன்னிரண்டு வயது வாக்கில் அவரோடு தஞ்சாவூருக்கு வந்தார். இருபது வயதுகூட நிரம்பாதபோதே ஆசிரியர். தான் எழுதிய பெத்லகேம் குறவஞ்சியில், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸ் கணக்கையும் பாட்டாக்கி வைத்தார். வகுப்பறையை மேடைக்குக் கொண்டுபோன வாத்தியார் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதே சாஸ்திரியார், ஆலயத்தில் சாதி வித்தியாசம் பார்க்கக் கூடாது என்று பிற்கால மிஷனரிகள் சொன்னபோது அதை எதிர்த்து எழுதினார். மிஷன் வேலையும் போனது. அவர் பாட்டுகளை நான் விரும்பிக் கேட்பவன்தான். இந்த விஷயத்தில் அவர் பக்கம் நிற்க என்னால் முடியாது.

மூப்பருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த மூன்றாம் வகுப்பு வாத்தியாரின் பெயரையும் ஊரையும் அவரிடம் கேட்டு எங்காவது எழுதி வையுங்கள். அப்புறம், திண்ணையில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்களா, ஒன்றாக உட்காருகிறார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.