வாசகர் கேள்வி - பதில்: மழை ஏன் நடுவில் நின்றுபோகிறது?

கேள்வி: இயற்பியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். மழையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை. வீட்டில் "வானிலை அறிக்கை வாசிக்கவா இவ்வளவு படிப்பு?" என்கிறார்கள். இந்தத் துறையில் ஒருவர் வாழ்நாள் முழுக்க என்னதான் செய்வார்?

பதில்: வீட்டில் அப்படிக் கேட்பதில் தப்பில்லை, நமக்கு டி.வி.யில் தெரிவது அறிக்கை மட்டும்தானே. அதற்குப் பின்னால் இருக்கும் வேலையைப் புரியவைக்க எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சுலோச்சனா காட்கில். 1970-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர், அது கடல் நீரோட்டம் பற்றிய கணித ஆய்வு. அப்புறம் இந்தியா திரும்பி, புனேயில் கொஞ்ச காலம், பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் என்று இங்கேயே தங்கிவிட்டார். கடலை விட்டு மழைக்கு வந்தார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எந்த விவசாயியும் கேட்கக்கூடியது: பருவமழை நன்றாகத் தொடங்கிவிட்டு, ஏன் நடுவில் இரண்டு வாரம் மூன்று வாரம் நின்றுபோகிறது?

நிலம் சூடாகிறது, அது கடல்காற்றை இழுக்கிறது, மழை வருகிறது என்று நாம் எல்லோரும் பள்ளியில் படித்தோம். 1686-ல் எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கில விஞ்ஞானி சொன்ன விளக்கம் அது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், மழை நின்றுபோன நாட்களில்தான் நிலம் இன்னும் காய்ந்து சூடேறுகிறது, அப்படியானால் அப்போதுதானே மழை கொட்ட வேண்டும்? கொட்டுவதில்லையே. காட்கிலும் வானிலை விஞ்ஞானி டி.ஆர். சிக்காவும் செயற்கைக்கோள் மேகப்படங்களை நாள் நாளாக அடுக்கிவைத்துப் பார்த்து 1980-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தியப் பெருங்கடலில் ஒரு மேகப்பட்டை உருவாகிறது, அது மெல்ல வடக்கே நகர்ந்து நிலத்துக்கு மேல் வருகிறது, இரண்டிலிருந்து ஆறு வாரங்களுக்கு ஒருமுறை இது திரும்ப நடக்கிறது என்று அதில் தெளிவாகத் தெரிந்தது. பழைய பட்டை தளர்ந்து புதியது இன்னும் மேலே வந்து சேராத நாட்கள்தான் நாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நாட்கள். வெறும் படங்களையும் பொறுமையையும் வைத்துக் கண்டது இது என்பதால், எனக்கு இந்தக் கட்டுரைமேல் தனிப் பிரியம் உண்டு.

அதோடு அவர் நிற்கவில்லை. மானாவாரி நிலக்கடலை போடும் விவசாயிகளோடு உட்கார்ந்து பேசி, பல வருட மழைக்கணக்கையும் பயிர் வளர்வதைக் கணித்துக் காட்டும் கணினி மாதிரியையும் சேர்த்து, எந்த நாட்களில் விதைத்தால் பூக்கும் சமயத்தில் வறட்சியில் மாட்டும் ஆபத்து குறைவு என்று தன் குழுவோடு ஆராய்ந்தார். வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வேண்டியது பாய்ம இயக்கவியல் (காற்றும் நீரும் எப்படிப் பாய்கின்றன என்ற இயற்பியல்), புள்ளியியல், கணினி நிரல் எழுதும் பழக்கம். இயற்பியலிலோ கணிதத்திலோ முதுகலை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வருபவர்கள்தான் அதிகம். பெங்களூரில் அவர் உருவாக்க உழைத்த வளிமண்டல, கடல் அறிவியல் மையமும், 1962-ல் தொடங்கிய புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். கணிதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நாடு முழுக்க இயல்பான மழை என்று அறிவித்தார்கள். எங்கள் வானம் பார்த்த பூமியில் பயிர் காய்ந்துபோனது. அந்தக் கணக்கை எப்படி நம்புவது?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் பெய்வதன் நீண்டகாலச் சராசரி சுமார் 87 செ.மீ., அதில் 96-லிருந்து 104 சதவீதத்துக்குள் வந்தால் இயல்பு என்று சொல்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அது நான்கு மாதத்தையும் மொத்த நாட்டையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கிய கணக்கு, பயிருக்கு எந்த வாரம் தண்ணீர் தேவைப்பட்டது என்று அதற்குத் தெரியாது. அதிலும் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அந்த நான்கு மாதம் முக்கிய மழைக்காலமே இல்லை. நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவதுதான் பெரிய மழை. அதுவும் ஒரு சில தாழ்வழுத்தங்களை நம்பியிருக்கிறது, அவற்றில் இரண்டு ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டால் போச்சு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வானிலை விஞ்ஞானி பி.என். கோஸ்வாமியும் அவரது குழுவும் 1951 முதல் 2000 வரை மத்திய இந்தியாவில் பெய்த மழையை நாள் வாரியாக அலசி 2006-ல் வெளியிட்டார்கள். பருவத்தின் சராசரியில் பெரிய மாற்றமில்லை. ஆனால் கொட்டித் தீர்க்கும் மழை நாட்கள் கூடியிருந்தன, மிதமான மழை நாட்கள் குறைந்திருந்தன. அதாவது மண்ணில் ஊறும் மழை குறைந்து, மண்ணை அரித்துக்கொண்டு ஓடும் மழை கூடினாலும் சராசரி அப்படியே இருக்கும்! மாவட்ட வாரியாக, வார வாரியாக வரும் மழைக்கணக்கைப் பாருங்கள். உங்கள் ஊரில் மழைமானி இல்லையென்றால் பஞ்சாயத்தில் கேட்டு வாங்குங்கள். நிலத்தின் கதை அதில்தான் இருக்கிறது.

கேள்வி: எல் நினோ வந்தால் தமிழ்நாட்டுக்குப் பஞ்சம்தானா?

பதில்: எல் நினோ என்பது பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவது. அப்படிப் பயப்படத் தேவையில்லை, ஆனால் பயத்துக்குக் காரணம் உண்டு. தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார் சொல்லி வந்தார்களே, அந்தப் பஞ்ச காலத்தில், 1877-ல், பசிபிக்கில் மிக வலுவான எல் நினோ இருந்தது. அந்த மாதிரிப் பஞ்சங்களை முன்கூட்டியே அறிய முடியுமா என்று பார்க்கத்தான் 1904-ல் இந்திய வானிலைத் துறையின் பொறுப்பை ஏற்ற கில்பர்ட் வாக்கர் என்ற கணித வல்லுநர், உலகம் முழுக்க எடுத்த காற்றழுத்த, மழை அளவுகளைக் குமாஸ்தாக்களை வைத்துக் கையால் கணக்குப் போட்டு, பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் அந்த ஊசலாட்டத்தைக் கண்டுபிடித்தார். எல் நினோவோடு அது ஒட்டியது என்பதை 1969-ல் பியர்க்னஸ் என்ற வானிலை விஞ்ஞானி விளக்கினார்.

ஆனாலும் கணக்கு எப்போதும் ஒத்துவருவதில்லை. 1997-ல் எல் நினோ பயங்கர வலு, தென்மேற்குப் பருவமழை இயல்பாகவே பெய்தது. 2002-ல் அதைவிட வலு குறைவு, ஜூலை மழை பாதியளவுக்குச் சரிந்தது. இந்தியப் பெருங்கடலின் மேற்கும் கிழக்கும் மாறி மாறிச் சூடாகும் இன்னொரு ஊசலாட்டத்தை 1999-ல் சாஜி, யமகட்டா குழு விளக்கிய பிறகுதான் 1997-ன் புதிர் கொஞ்சம் அவிழ்ந்தது. வடகிழக்குப் பருவமழைக்கோ எல் நினோ பெரும்பாலும் சாதகம். 2015-ல் வலுவான எல் நினோ, சென்னை மூழ்கியது. 2016-ல் எல் நினோ இல்லை, நம் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

கேள்வி: கைப்பேசியில் 15 நாளைக்கு மழை காட்டுகிறதே, நம்பலாமா?

பதில்: முதல் மூன்று, நான்கு நாட்களை நம்பி வேலையைத் திட்டமிடலாம். ஒரு வாரத்துக்கு மேல் நாள், நேரம் போட்டுக் காட்டுவதை வைத்து விதை வாங்காதீர்கள்.