மெய்நிகர் கண்ணாடி கோல்காப்பாளருக்கு உதவுமா?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு கிராமக் கழகத்தில் உதைபந்தாட்டம் பழக்குகிறேன். எங்கள் கோல்காப்பாளருக்கு 16 வயது. நன்றாகப் பாய்வார், ஆனால் பெனால்டி என்றால் தவறான பக்கம் பாய்ந்துவிடுகிறார். கனடாவில் இருக்கும் அண்ணா, கண்ணில் மாட்டினால் ஆட்டக்களத்துக்குள் நிற்பதுபோல் காட்டும் மெய்நிகர் (VR) கண்ணாடி ஒன்றை அனுப்புவதாகச் சொல்கிறார். பயன் உண்டா?

பதில்: உண்டு, ஒரு வேலைக்கு மட்டும். உதைப்பவரைப் பார்த்துப் பந்தின் திசையை முன்கூட்டியே ஊகிக்க அதில் பழகலாம். பாயப் பழக முடியாது.

11 மீற்றர் தூரத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 செக்கனில் கோலுக்குள் போய்விடும். அது புறப்பட்ட பிறகு திசை பார்த்துப் பாய்ந்தால் மூலைப் பந்து கைக்கு எட்டாது. தேர்ந்த காப்பாளர்கள் உதைப்பவரின் ஊன்றுகாலையும் இடுப்பையும் கவனிக்கிறார்கள். ஊன்றுகாலின் நுனி நோக்கும் பக்கமே பெரும்பாலும் பந்தும் போகும். இந்தப் பார்வையைத் திரையில் வளர்க்கலாம். பேஸ்போல் அடிப்பவர்களை வைத்து ரொப் கிரே என்ற ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டக்காரரின் திறமைக்கேற்பக் கடினத்தைக் கூட்டிக் குறைத்த மெய்நிகர் பயிற்சிதான் மைதானத்திலும் கூடுதல் பலன் தந்தது. கடையில் வாங்கும் விளையாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு அந்தப் பலனை எதிர்பார்க்காதீர்கள்.

பந்தின் பாரம், மண்ணை உந்தி எழும் கால், விழும்போது தோள் தரையில் படும் விதம் எதுவும் கண்ணாடிக்குள் கிடையாது. அதை மாட்டிக்கொண்டு பாயவிடவே கூடாது. கம்பம் இருக்கும் இடம் தெரியாமல் தலை மோதிவிடும். மைதானத்தில் திறந்தபடி வைக்கவும் வேண்டாம். உள்ளிருக்கும் வில்லைகள் வெயிலைக் குவித்துத் திரையை எரித்துவிடும். வன்னி வெயிலுக்குச் சொல்லவே தேவையில்லை.

என்னைக் கேட்டால், கையில் இருக்கும் கைப்பேசியோடு இன்றே தொடங்கலாம். கோலின் நடுவில், வலைக்குப் பின்னால், காப்பாளரின் கண் உயரத்தில் அதை நிறுத்தி, வலைக்கண் ஒன்றினூடாக உங்கள் பையன்கள் உதைப்பதைப் பதிவு செய்யுங்கள். பிறகு நிழலில் இருந்து போட்டுக் காட்டுங்கள். கால் பந்தைத் தொடும் கணத்தில் நிறுத்துங்கள். "இடமா, வலமா?" என்று கேளுங்கள். அவர் வாயால் சொன்னால் போதாது, எழுந்து நின்று அந்தப் பக்கம் ஓரடி வைக்கவேண்டும். உடனே மிச்சத்தை ஓடவிட்டு விடையைக் காட்டுங்கள். சரியாகச் சொல்லத் தொடங்கியதும் ஊன்றுகால் பதியும்போதே நிறுத்துங்கள். அதே மாலையில் அதே பையன்களை நேரில் உதைக்கவிடுங்கள். இதைத் தவறவிட்டால் கற்றது திரையோடு நின்றுவிடும். பழைய பதிவுகள் மனப்பாடமாகிவிடும் என்பதால் அயல் கழகத்துப் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் புதிதாகப் பதிவு செய்யுங்கள்.

அண்ணாவிடம் இப்போதைக்குக் கைப்பேசியை நிறுத்த ஒரு முக்காலியும் நல்ல கையுறை இரண்டு சோடியும் கேளுங்கள். கண்ணாடியைப் பிறகு பார்க்கலாம்.