வாசகர் கேள்வி – பதில்: ஆடிக்காற்றும் இரட்டை நூல் பட்டமும்

கேள்வி: பவர் கைட் எனப்படும், ஆளையே இழுக்கும் விசையுள்ள இரண்டு நூல் பட்டம் ஒன்று வாங்க விரும்புகிறேன். என் எடை 72 கிலோ என்றதும், ‘உங்கள் உடம்புக்கு 3 சதுர மீட்டராவது வேண்டும்’ என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: வேண்டாம். அளவைத் தீர்மானிக்கும்போது உங்கள் எடைக்கு முன்னால் உங்கள் ஊர்க் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதைப் பற்றி வள்ளியூர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனி தொடங்கி ஆவணி முடிய ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து வரும் மேல்காற்றை, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்றை, நம்பித்தான் முப்பந்தலிலும் பணகுடி, ராதாபுரம் பக்கங்களிலும் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும் என்பதால், மணிக்கு 15 கி.மீ. காற்றில் சொன்னபடி கேட்கும் பட்டம் 30 கி.மீ. காற்றில் ஆளையே தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விடும். இது போதாதென்று, நாம் சிறுவயதில் விட்ட பட்டம் போல இது ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. குறுக்கே பாயும்போது அதன் வேகத்தால் எழும் எதிர்காற்றும் சேர்ந்துகொள்வதால், நின்ற நிலையில் இருப்பதைப் போலப் பல மடங்கு விசை கைக்கு வந்து சேரும்.

ஆகவே முதல் பட்டம் 1.5 சதுர மீட்டரைத் தாண்ட வேண்டாம். ஈர்க்குச்சியோ மூங்கிலோ இல்லாமல், முன்விளிம்பில் உள்ள வாய்கள் வழியே காற்றை வாங்கி உப்பிக்கொள்ளும் அறைகளால் ஆன துணிப் பட்டமாகப் பார்த்து வாங்குங்கள். 1960களில் அமெரிக்காவில் டொமினா ஜால்பெர்ட் உருவாக்கிய அமைப்பு இது. இன்று விமானத்திலிருந்து குதிப்பவர்கள் விரிக்கும் நீள்சதுரப் பாராசூட்டும் இதன் உறவுதான். குச்சி இல்லாததால் விழுந்தால் முறிவதற்கு ஒன்றுமில்லை என்றாலும், முழுதாக உப்பிய நிலையில் மூக்குக் குத்தித் தரையில் மோதினால் அறைகளின் தையல் பிரிந்துவிடும்.

கேள்வி: எங்கே, எந்த மாதத்தில் பழகுவது நல்லது? உவரிக் கடற்கரை சரியாக இருக்குமா?
– வாசகர், திசையன்விளை

பதில்: இடம் சரிதான், மாதத்தைத்தான் பார்க்க வேண்டும். இடிந்தகரையிலிருந்து உவரி வரை நம் கரை தென்கிழக்கு பார்த்துக் கிடக்கிறது. கடலோர மக்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று அங்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதோடு, பனை, வீடு, மேடு எல்லாவற்றையும் தாண்டி வருவதால் ஒரு சீராகவும் இருப்பதில்லை. கையிலிருந்து நழுவிய பட்டம் நேரே கடலுக்குப் போகும், அதை எடுக்கப் பின்னாலேயே நீந்துகிறவரும் போவார். பங்குனி, சித்திரை மாதங்களின் பிற்பகலில் கடலிலிருந்து வரும் காற்றோ தடையின்றி, ஒரே மட்டமாக வீசும். அப்போது கடலுக்கு முதுகு காட்டி ஈரமணலில் நின்று பழகலாம். நூலின் நீளம் 20 முதல் 25 மீட்டர் வரை இருக்கும் என்பதால், அதைப் போல இரண்டு மடங்கு வெறுங்கரையாவது முன்னால் வேண்டும்; படகும் வலையும் கிடக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப் போய்விடுங்கள்.

இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் அசைந்தால் காற்று 12 முதல் 19 கி.மீ. அளவில் இருக்கிறது என்று கொள்ளலாம். பழகுவதற்கு அது போதும். புழுதியும் காகிதமும் மேலே கிளம்பினால் 20ஐத் தாண்டிவிட்டது. சிறு மரங்களே ஆடத் தொடங்கினால் பட்டத்தைச் சுருட்டிவிடுங்கள். காற்றாலையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். அதன் இறக்கைகள் சுற்றும் உயரத்துக் காற்று வேறு, நம் தலைமட்டத்துக் காற்று வேறு. காற்றாலைக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் பட்டத்தை எடுக்கவே கூடாது.

செம்மணல் மேடுகளான தேரியும் நல்ல இடம்தான். பட்டத்தை மல்லாத்திப் போட்டு, பின்விளிம்பில் இரண்டு கை செம்மண்ணை அள்ளி வைத்தால் நூலைப் பிரித்துப் போடும்வரை அசையாமல் கிடக்கும். ஆனால் ஓர் ஆனி மாதத்தில் நான் அந்த மண்ணைக் கொஞ்சமாக வைத்துவிட்டு, சிக்கெடுப்பதற்காக நூலை இரண்டு விரலில் சுற்றிப் பிடித்திருந்தேன். திடீரென்று வீசிய காற்றில் பட்டம் தானே உப்பி எழுந்தது. நூல் விரல்களைப் பச்சைக் காயாக அறுத்துவிட்டது. தழும்பு இன்றும் இருக்கிறது. நூலை எக்காரணம் கொண்டும் கையில் சுற்றாதீர்கள்.

கேள்வி: மீன் பிடிக்கும் தங்கூசியையே நூலாகப் போட்டால் என்ன?
– மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தங்கூசி ரப்பர் போல நீளும், நீங்கள் கையை இழுத்த பிறகு சற்றுத் தாமதித்துத்தான் பட்டம் திரும்பும். இதற்கென்று டைனிமா எனப்படும் பின்னல் நூல் இருக்கிறது. அது ஒருவகைப் பாலித்தீன்; நீளாது, வழுவழுப்பானது. பட்டம் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி நூல்கள் முறுக்கிக்கொண்டாலும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு வேலை செய்யும். அதன் பலவீனம் சூடு: வேறு நூல் உரசினால் அந்தச் சூட்டிலேயே உருகி அறுந்துவிடும். பக்கத்தில் யாராவது சாதாரணப் பட்டம் விட்டால் நீங்கள் இடம் மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பட்டம் மேலே போனதும் இடப்பக்கமாகவே சாய்கிறது. பட்டத்தையும் நூலையும் இணைக்கும் கட்டான சூத்திரத்தை மாற்றிக் கட்டலாமா?
– வாசகர், நாங்குநேரி

பதில்: சூத்திரத்தில் கை வைக்காதீர்கள், பெரும்பாலும் குற்றம் நூலில்தான் இருக்கும். இடக்கை நூல் வலக்கை நூலைவிடச் சற்றுக் குறுகிப் போயிருக்கும். இரண்டு நூல்களின் நுனியையும் ஒரே ஆணியில் மாட்டி, மறுமுனைகளைச் சேர்த்துப் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். அந்த மறுமுனைகள் ஒரே அளவாக வராவிட்டால், குறுகிய நூலை மேலும் இழுத்து நீட்டுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் நீண்ட நூலின் கைப்பிடிப் பக்கத்து முடிச்சை வேண்டிய அளவு உள்ளே தள்ளிப் போடுங்கள். நூல்கள் சமமாக இருந்தும் சாய்ந்தால், ஏதோ ஓர் அறைக்குள் மண் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தேரியில் விட்ட பட்டத்தில் ஒரு பிடி செம்மண்ணாவது கொட்டும்.